ஜன்னலில் ஒட்டிய விளக்கு

பன்முகத்தன்மையைக் கொண்டாடுவது என்றதும் பலருக்கு மேடையும் ஊர்வலமும் நினைவுக்கு வரும். எனக்கு வருவது அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்திலுள்ள பில்லிங்ஸ் நகரத்து ஜன்னல்கள். 1993 டிசம்பரில், ஹனுக்கா என்னும் யூதர்களின் ஒளிப் பண்டிகைக்காக, மெனோரா என்ற பல கிளை விளக்கின் படம் ஒட்டப்பட்டிருந்த யூதக் குடும்பம் ஒன்றின் வீட்டில், ஐந்து வயதுச் சிறுவனின் படுக்கையறை ஜன்னலை உடைத்துக்கொண்டு ஒரு கல் வந்து விழுந்தது. படத்தை எடுத்துவிடுவதே பாதுகாப்பு என்று அக்குடும்பத்துக்கு ஆலோசனை கூறப்பட்டது. அக்கறையோடு சொன்னதாகவே இருக்கட்டும். கல் எறிந்தவனை விட்டுவிட்டு, அடிபட்டவரை ஒளிந்துகொள்ளச் சொல்லும் ஆலோசனைதானே அது!

ஊர் அதை ஏற்கவில்லை. உள்ளூர் நாளிதழ் முழுப் பக்கத்தில் மெனோரா படத்தை அச்சிட, யூதர் அல்லாத ஆயிரக்கணக்கான குடும்பத்தினர் அதைத் தங்கள் ஜன்னல்களில் ஒட்டினார்கள். மேலும் சில ஜன்னல்கள் உடைந்தன; ஆயினும் படங்கள் கூடினவே தவிரக் குறையவில்லை.

இதைவிட எனக்குப் பிடித்தது, அதற்குச் சற்று முன்னர் நடந்த ஓசையற்ற ஒரு செயல். பூர்வகுடிப் பெண் ஒருவரின் வீட்டுச் சுவரில் யாரோ நாஜிச் சின்னத்தைக் கிறுக்கியிருந்தபோது, பெயின்டர்கள் சங்கத்தைச் சேர்ந்த சுமார் 30 பேர் தூரிகைகளோடு வந்து, அந்தச் சுவருக்குப் புதிதாக வண்ணம் பூசிவிட்டுச் சென்றார்கள்.