ஏறிப்போன இரைப்பை

நடுராத்திரியில் நெஞ்சுக்குள் கங்கு வைத்தாற்போல் எரிந்தது. எழுந்து உட்கார்ந்தேன். மாரடைப்பு என்றே பயந்தேன். இசிஜியிலும் ரத்தப் பரிசோதனையிலும் கோளாறு இல்லை. எண்டோஸ்கோபி பார்த்த பிறகுதான் மருத்துவர் சொன்னார்: "ஹயாட்டல் ஹெர்னியா. சின்னதுதான்."

ஹெர்னியா என்றால் குடலிறக்கம் என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன். எனக்கோ எதுவும் இறங்கவில்லை, ஏறியிருந்தது. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானத்தில் உணவுக்குழாய் நுழைய ஒரு துளை உண்டு. அது தளர்ந்து, இரைப்பையின் மேல்பகுதி அதன் வழியே நெஞ்சுப் பக்கம் நழுவியிருந்தது. அந்த இடத்தின் இறுக்கம் போனதும் அமிலம் மேலே எதுக்களிக்கிறது.

மாத்திரை எழுதிக் கொடுத்தார். எனக்கோ இயற்கை வழியில் சரிசெய்துவிடலாம் என்ற பிடிவாதம். ஆப்பிள் சிடர் வினிகரை மூன்று நாள் குடித்தேன், தொண்டைவரை எரிந்தது. எரிகிற இடத்தில் இன்னொரு அமிலத்தை ஊற்றினால் வேறென்ன ஆகும்? புதினாத் தேநீர் குளிர்ச்சி என்று நம்பினேன். அது உணவுக்குழாயின் அடிவாய்த் தசையைத் தளர்த்தக்கூடியது என்று பிறகுதான் தெரிந்தது. காலையில் வெதுவெதுப்பான நீர் குடித்து, குதிகாலை உயர்த்தித் தொப்பென்று இறக்கினால் இரைப்பை கீழே வந்துவிடும் என்றார்கள். இரண்டு வாரம் குதித்ததில் குதிகால் வலிதான் மிச்சம். நழுவியதை எந்தக் கஷாயமும் இழுத்து உட்கார வைக்காது என்பதை ஒப்புக்கொள்ளவே எனக்கு மாதக்கணக்கானது.

மாத்திரை தவிர, நானாகச் செய்ததில் பலன் தந்ததெல்லாம் வாயில் போடாத வைத்தியம்தான். முதலில் கட்டில். இரண்டு தலையணை அடுக்கிப் பார்த்தேன். உடம்பு இடுப்பில் மடங்கி, வயிறு அழுந்தி, எரிச்சல் கூடியது. தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் பதினைந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு மரக்கட்டை வைத்ததும் கட்டிலே சரிவானது. முதல் வாரத்திலேயே நிம்மதியாகத் தூங்கினேன். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பதும் உதவியது. அப்போது இரைப்பை உணவுக்குழாயைவிடத் தாழ்ந்திருக்கும். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேர இடைவெளி. ஒரே மூச்சில் வயிறு முட்டத் தின்கிற பழக்கத்தை விட்டேன். இதுதான் கொடுமை. பெல்ட்டைத் தளர்த்தினேன், ஆறு கிலோ குறைத்தேன். உதரவிதானமும் தசைதானே என்று, வயிறு எழும்பி இறங்க மெதுவாக மூச்சு விடும் பயிற்சியையும் செய்கிறேன்.

மாத்திரையை நானாக நிறுத்தவில்லை. மருத்துவரே படிப்படியாகக் குறைத்தார். விழுங்கும்போது அடைத்தாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, மலம் கறுத்தாலோ, வாந்தி நிற்காமல் வயிறு கடுமையாக வலித்தாலோ ஒரு நொடியும் வீட்டில் இருக்கக்கூடாது என்று எச்சரித்திருக்கிறார். இதுவரை அப்படி எதுவும் இல்லை.

ஹெர்னியா அங்கேயேதான் இருக்கிறது. சரிந்த கட்டிலில் இப்போது ராத்திரியெல்லாம் நழுவுவது போர்வை மட்டும்தான்.