சுவரில் எதை ஒட்டலாம்?

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் தமிழர்கள் நிறைந்த கொழிஞ்சாம்பாறையில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் கண்ணில் ஊரில் பாதிப் பேரின் ஆதார் எண் பட்டுவிடும். வேண்டுமென்று பார்ப்பதில்லை, கார்டைக் கண்ணாடிமேல் கவிழ்க்கும்போது தெரிகிறது. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, சிம் வாங்க, கேஸ் இணைப்புக்கு, பேத்தியைப் பள்ளியில் போட என்று எல்லாவற்றுக்கும் ஒரு நகல். வேலந்தாவளம் பக்கமிருந்து வரும் பெரியவர்கள், "அஞ்சு காப்பி போட்டுருங்க தம்பி, எதுக்காச்சும் ஆகும்" என்பார்கள். எதற்காவது ஆகிவிடுமோ என்பதுதான் என் பயமும்.

2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஓர் எச்சரிக்கை விட்டது. கண்ட இடத்தில் நகல் கொடுக்காதீர்கள், கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற ஆதாரைக் கொடுங்கள், பொதுக் கம்ப்யூட்டரில் இறக்கினால் அழித்துவிடுங்கள் என்று. என் பிழைப்புக்கே வேட்டு, ஆனாலும் சொன்னது சரி. இரண்டே நாளில் மத்திய அரசு அதை வாபஸ் வாங்கிக்கொண்டது. மக்கள் தவறாகப் புரிந்துகொண்டுவிடுவார்களாம். வாட்ஸ்அப்பில் வரும் கோப்புகளைக் கடை சாத்துமுன் அழிக்கிற வழக்கத்தை நான் விடவில்லை. ஆனால் எண் மறைத்த ஆதாரை எடுத்துக் கொடுத்தால் வாங்குகிறவர் சண்டைக்கு வருகிறார். "நம்பரையே காணோமுங்க, ஆபீஸ்ல ஒத்துக்குவாங்களா?" பல இடங்களில் ஒத்துக்கொள்வதில்லை என்பதும் உண்மைதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் மானியம் வாங்கியவர்கள் பட்டியலைச் சுவரில் ஒட்டினார்கள். பெயர், வார்டு, தொகை. இதுவரை நல்ல காரியம். கூடவே முழு ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், போன் நம்பர்! யாரோ அதைப் போட்டோ பிடித்து வார்டு வாட்ஸ்அப் குழுவில் போட, அப்புறம் அது எங்கெங்கே போனதோ. பட்டியலில் பெயர் வராத தென்னந்தோப்புக்காரர் ஒருவர், எந்தத் தகுதியை வைத்துத் தேர்ந்தெடுத்தீர்கள், முந்தைய வருடம் யாருக்கெல்லாம் கொடுத்தீர்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டார். வந்த பதில்: தனிப்பட்ட தகவல், தர இயலாது.

அந்தப் பதிலுக்கு இப்போது சட்டத்திலேயே வசதி செய்து கொடுத்திருக்கிறார்கள். 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவு முன்பு, பொதுக் காரியத்தோடு தொடர்பில்லாத தனிப்பட்ட தகவலை மறுக்கலாம் என்றது. அதிலும் பெரிய பொதுநலன் இருந்தால் கொடுக்க வேண்டும், நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்று தடுப்புகள் இருந்தன. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவற்றை எல்லாம் வெட்டி, 'தனிப்பட்ட தகவல்' என்றாலே மறுக்கலாம் என்று சுருக்கிவிட்டது. 2025 நவம்பரில் விதிகள் வந்தபோது இந்த வெட்டு உடனே அமலானது. அந்தத் தரவுச் சட்டத்தில் நமக்கு உதவக்கூடிய பிரிவுகளும் உண்டு. ஒருவரைப் பாதிக்கும் முடிவை ஒரு தரவைக் கொண்டு எடுத்தால் அது முழுமையாகவும் சரியாகவும் இருக்க வேண்டும், தவறைத் திருத்தக் கேட்க உரிமை உண்டு, ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலும் பெறலாம். இவையெல்லாம் 18 மாதம் கழித்துத்தான், அதாவது 2027 மே மாதம். இந்த வரிசையை யார் போட்டார்களோ, யோசித்துத்தான் போட்டிருக்கிறார்கள்.

தரவு சரியாக இருப்பது எங்கள் பக்கம் சின்ன விஷயமில்லை. கந்தசாமி என்று ஒருவர் பெயர் என்று வையுங்கள். பள்ளிச் சான்றிதழில் தமிழ், ஆதாரில் ஆங்கிலம், ரேஷன் கார்டில் மலையாளம். ஆங்கிலத்திலிருந்து மலையாளத்துக்குக் கம்ப்யூட்டர் மாற்றியபோது கண்டசாமி ஆகிவிட்டார். அப்பா பெயர் ஓரிடத்தில் இனிஷியல், இன்னோரிடத்தில் முழுப்பெயர், மூன்றாமிடத்தில் வீட்டுப் பெயராகவே உட்கார்ந்திருக்கிறது. பென்ஷன் பணம் திரும்பிப் போகும்போதுதான் இது தெரியவரும். 2025 நவம்பரில் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஒரே சமயத்தில் வாக்காளர் பட்டியல் திருத்தம் தொடங்கியபோது, பொள்ளாச்சியில் பெண்ணைக் கட்டிக்கொடுத்த அம்மாக்கள் என் கடைக்குத்தான் வந்தார்கள்: "அவ பேரு இங்கயா தம்பி, அங்கயா?" ஓர் இடத்தில்தான் இருக்கலாம் அம்மிணி, என்று சொல்லியே வாய் வலித்தது.

இந்த மாதிரிப் பிழைகளைக் கண்டுபிடிப்பது கம்ப்யூட்டர் இல்லை, பட்டியல் ஒட்டிய சுவரின் முன் நிற்கிற ஆள்தான். "இந்தாளு செத்து ரெண்டு வருசமாச்சே" என்று ஒரு பாட்டி சொல்வது எந்த சர்வருக்கும் தெரியாது. 1994இல் ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்கிற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு கூலிப் பட்டியல்களை ஊர் நடுவே உரக்கப் படித்தது இதற்காகத்தான். தகவல் சட்டமே அங்கிருந்துதான் கிளம்பியது. பெயரையும் தொகையையும் மறைத்துவிட்டால் பிழை அப்படியே கிடக்கும், திருட்டும் கிடக்கும். ஆதார் எண்ணையோ கணக்கு எண்ணையோ போடுவதால் ஒரு பிழையும் திருந்தாது, ஏமாற்றுக்காரன் போன் பண்ணத்தான் உதவும். ஒட்ட வேண்டியதை மறைக்கிறார்கள், மறைக்க வேண்டியதை ஒட்டுகிறார்கள் என்பதுதான் என் கோபம்.

தோப்புக்காரருக்கு மேல்முறையீடு அடித்துக் கொடுத்தேன். நல்லவேளையாகத் தகவல் சட்டத்தின் எல்லாப் பிரிவையும் வெட்டிவிடவில்லை. மானியத் திட்டப் பயனாளிகளின் விவரத்தை அலுவலகம் தானாகவே வெளியிட வேண்டும் என்கிற 4(1)(பி) அப்படியே இருக்கிறது. பொதுநலன் பெரிதென்றால் விலக்கு பெற்ற தகவலையும் தரலாம் என்கிற 8(2)உம் இருக்கிறது. கூடவே 10ஆம் பிரிவைக் காட்டி, எண்கள் இருக்கும் பத்திகளை அடித்துவிட்டு மற்றதைத் தாருங்கள் என்று நாங்களே கேட்டிருக்கிறோம். முடிவு சொல்ல 30 நாள், காரணம் எழுதினால் 45 வரை இழுக்கலாம். வந்ததும் இங்கே எழுதுகிறேன்.