சுற்றளவு சரி, தொப்பி சரியில்லை

நாடாவை வைத்து அளந்தால் என் தலை 59.5 சென்டிமீட்டர். புருவத்துக்கு ஒரு விரல் மேலே, காதைத் தொடாமல், பின்மண்டை நன்றாகப் புடைத்திருக்கும் இடம் வழியாகச் சுற்றி நாலு தடவை அளந்தேன். நாலு தடவையும் இதே எண்தான். அளவு அட்டையில் 59-60 என்றால் எல். சரி என்று கம்பளி ஃபெல்ட் (நெய்யாமல், இழைகளை அழுத்திச் செய்யும் கெட்டித் துணி) தொப்பி ஒன்றை எல் அளவில் வாங்கினேன்.

அரை மணி நேரம் போட்டுக் கழற்றியபோது நெற்றியின் நடுவில் சிவப்பாக ஒரு கோடு. பின்மண்டையிலும் அழுத்தம். ஆனால் காதுகளுக்கு மேலே இரண்டு பக்கமும் சுண்டுவிரல் தாராளமாக நுழையும் அளவுக்கு இடைவெளி. இறுக்கமாகவும் தொளதொளவென்றும் ஒரே தொப்பி எப்படி இருக்க முடியும் என்று அன்றைக்குப் புரியவில்லை. அடுத்த பெரிய அளவில் இன்னொன்று வாங்கினேன். நெற்றி வலி போயிற்று, பக்கவாட்டு இடைவெளி கூடியது. முதல் காற்றிலேயே தொப்பி பறந்தது.

இரண்டாவது வாரம் தலையை வேறு விதமாக அளந்து பார்த்தேன். பின்மண்டையைச் சுவரில் ஒட்டி நின்று, நெற்றியில் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைச் செங்குத்தாக வைத்து, சுவருக்கும் புத்தகத்துக்கும் நடுவே உள்ள தூரத்தை எடுத்தேன்: 21 சென்டிமீட்டர். பிறகு இரண்டு பக்கமும் புத்தகம் வைத்து அகலம்: 16.7. இங்கேதான் விஷயம் பிடிபட்டது. 20.3 நீளமும் 17.5 அகலமும் உள்ள ஒரு தலையைச் சுற்றினாலும் நாடா கிட்டத்தட்ட இதே எண்ணைத்தான் காட்டும். அந்தத் தலைக்குச் சரியாக உட்காரும் தொப்பி எனக்கு முன்னும் பின்னும் கடிக்கும், பக்கங்களில் தூக்கும். அமெரிக்க அளவுமுறையில் வரும் 7 3/8, 7 1/2 போன்ற எண்களும் இதைச் சொல்வதில்லை. தலையை முழு வட்டமாக வைத்துக்கொண்டு, அதன் விட்டத்தை அங்குலத்தில் சொல்கிறார்கள், அவ்வளவுதான். ஒரு படி ஏறினால் சுற்றளவு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் கூடும். வடிவம் எதிலும் இல்லை.

தொழிற்சாலையில் செய்வதன் இயல்பும் அதுதான். சூடான உலோக அச்சுகளுக்கு நடுவே ஃபெல்ட்டை வைத்து அழுத்தி எடுக்கிறார்கள். பொதுவாகக் காணப்படும் ஒரு நீள்வட்டத்தைத்தான் அச்சாக வைத்திருக்க முடியும். அதில் தவறு ஒன்றும் இல்லை. அந்த நீள்வட்டத்துக்குள் வரும் தலைக்காரர்களுக்கு ரெடிமேட் தொப்பியே அளவெடுத்துச் செய்தது மாதிரி உட்காரும். அவர்கள் கூடுதலாகச் செலவழிக்க வேண்டியதில்லை என்பதே என் எண்ணம்.

மூன்றாவது வாரம் எல் தொப்பிக்கு ஆவி வைத்தியம். தொப்பிக்குள் தலையைத் தொட்டுச் சுற்றி வரும் உள்பட்டையை வெளியே மடித்துவிட்டேன் (தோல் பட்டை சூட்டில் சுருங்கிவிடும், இதை மறக்கக் கூடாது). கெட்டில் மூக்கிலிருந்து வரும் ஆவியில் தொப்பியின் அடிப்பகுதியைச் சுற்றிச் சுற்றிக் காட்டினேன். ஒரு நிமிடத்தில் விறைப்பு போய், ஃபெல்ட் கையில் குழைந்தது. பட்டையை உள்ளே தள்ளி, தலையில் மாட்டி, ஆறும்வரை நெற்றிப் பக்கமும் பின்பக்கமும் விரலால் நீவிக்கொண்டே இருந்தேன். பத்து நாள் அருமையாக இருந்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய வட்டத்துக்கே திரும்பியது. ஒரு தூறலில் நனைந்ததும் கம்பளி இன்னும் சுருங்கி, மறுபடி நெற்றியில் கோடு.

பெரிய அளவுத் தொப்பிக்கு வேறு வழி பார்த்தேன். உள்பட்டைக்குப் பின்னால், காதுக்கு மேல் வரும் இடங்களில் மட்டும், மெல்லிய ஸ்பாஞ்ச் பட்டையை ஒரு விரல் நீளத்துக்கு ஒட்டினேன். முழுக்கச் சுற்றி ஒட்டினால் நெற்றி மறுபடி இறுகும், பக்கங்களில் மட்டும்தான். தொப்பி பறப்பது நின்றது. என்னைப் போல நீளத் தலைக்காரர்கள் பணம் செலவழிக்கும் முன் முதலில் செய்து பார்க்க வேண்டியது இதுதான்.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. அளவெடுத்துச் செய்யும் ஒருவரிடம் முயல் மயிர் ஃபெல்ட்டில் ஒன்று செய்யச் சொன்னேன். 1840களில் பாரிசில் இதற்கென்றே ஒரு கருவி வந்தது, கன்ஃபார்மத்தேர் என்று பெயர். தொப்பி மாதிரி தலையில் கவிழ்த்தால், சுற்றியுள்ள சட்டங்கள் தலையின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப நகரும். மேலே உள்ள ஊசிகள் அந்த வடிவத்தைச் சின்னதாக்கி ஒரு காகிதத்தில் துளையிட்டுக் கொடுக்கும். எனக்கு அது வாய்க்கவில்லை. வரைபடத்துக்குப் பயன்படும் வளையும் அளவுகோலை நெற்றியிலிருந்து பின்மண்டைவரை ஒரு பக்கம் அழுத்தி, அலுங்காமல் எடுத்து, காகிதத்தில் கோடு இழுத்தேன். மறுபக்கமும் அப்படியே. இரண்டையும் சேர்த்ததும் கோடு முட்டை மாதிரி வந்தது. அதில் இடது நெற்றி லேசாக உள்வாங்கியிருந்தது. இத்தனை வருடமாகக் கண்ணாடியில் பார்த்தும் கவனிக்காத விஷயம். அம்புக்குறி போட்டு 'முன்' என்று எழுதித் தபாலில் அனுப்பினேன்.

அவர் கேட்ட கேள்விகள் எனக்குப் பிடித்திருந்தன. முடி எப்போதும் இதே நீளமா, கண்ணாடி போடுவீர்களா, வெயிலுக்கா மழைக்கா, நாளெல்லாம் தலையில் இருக்குமா. விளிம்பு எத்தனை அகலம் என்று கேட்டபோது 8 சென்டிமீட்டர் என்றேன். உங்கள் முகத்துக்கு 6.5 போதும் என்றார். நான் பிடிவாதமாக 8 என்றேன்.

சில வாரம் கழித்துத் தொப்பி வந்தது. முதலில் கவிழ்த்து உள்ளேதான் பார்த்தேன். தோல் உள்பட்டையின் பின்பக்கம் சின்னதாக ஒரு நாடா முடிச்சு. பட்டையின் வாய் நான் வரைந்த அதே முட்டை வடிவம், இடது முன்பக்கத்தில் அதே உள்வாங்கல். போட்டதும் எங்கேயும் அழுத்தவில்லை. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி, உள்ளங்கையை வைத்த மாதிரி இருந்தது. தலையை ஆட்டிப் பார்த்தேன், குனிந்து பார்த்தேன், அசையவில்லை. மூன்று மணி நேரம் கழித்து நெற்றியில் கோடு இல்லை.

விளிம்பு விஷயத்தில் அவர் சொன்னதுதான் சரி. 8 சென்டிமீட்டர் என் ஒடுங்கிய முகத்தை அப்படியே விழுங்கிவிட்டது. திருப்பி அனுப்பினேன். வெட்டிக் குறைக்கலாம், கூட்ட முடியாது, அதனால் அகலமாகக் கேட்டது நல்லதாகப் போயிற்று என்று சொல்லி 6.5-க்கு வெட்டி, ஓரத்தைத் தேய்த்து அனுப்பினார். செய்தவரிடமே திருப்பிக் கொடுக்க முடிவதை, அளவெடுத்துச் செய்ததற்குச் சமமாக மதிக்கிறேன். ரெடிமேட் தொப்பியின் விளிம்பைக் குறைக்க யாரிடம் கொடுப்பது?

எல்லாத் தொப்பிக்கும் இது தேவையில்லை. பின்னால் பட்டை வைத்த கேப், பின்னல் குல்லா, மடித்துப் பையில் போடும் துணித் தொப்பி எல்லாம் தலைக்குத் தகுந்தபடி தானே வளைந்து கொடுக்கும். அவற்றை ரெடிமேடாகவே வாங்குகிறேன், இனியும் வாங்குவேன். விறைப்பான ஃபெல்ட்டும் ஓலை, நார்த் தொப்பிகளும் வளைந்து கொடுக்காது. அங்கேதான் வடிவம் முக்கியம். முக்கியமாக நார்த் தொப்பியில் ஆவி வைத்தியத்தையும் இழுத்துப் பிடிப்பதையும் யோசித்துச் செய்யுங்கள். காய்ந்த நார் வளைக்கும் இடத்தில் வெடித்துவிடும்.

இப்போது அடுத்த கட்டம். அதே காகிதக் கோட்டை வைத்து எனக்கென்று ஒரு மர அச்சு செய்கிறேன். வடிவம் கொடுக்காத ஃபெல்ட் கூடு ஒன்று வாங்கி, அச்சின்மேல் ஆவியில் இழுத்து, அடியில் கயிறு கட்டி உலரவிடுவதுதான் திட்டம். உள்பட்டையின் தடிமனுக்கு இடம் விட்டு அச்சை 21.2-க்கு 16.9 என்று குறித்திருக்கிறேன். பிளைவுட் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி அரம் போட வேண்டும். மூன்று அடுக்கு ஒட்டி, கிளாம்ப் போட்டு இறுக்கி வைத்திருக்கிறேன். இன்னும் நாலு அடுக்கு பாக்கி.