எந்தக் கூண்டை முதலில் திறப்பது

காலையில் நாய்க் காப்பகத்துக்குள் நுழைந்ததும் கால் தானாக நோயாளிக் குட்டி பக்கம் போகும். ராத்திரியைத் தாண்டியதா என்று பார்க்கத் தோன்றும். வாசலில் நின்று எட்டிப் பார்க்கலாம், தொடக் கூடாது. முதலில் திறக்க வேண்டியது, தடுப்பூசி இன்னும் முடியாத, நன்றாக இருக்கிற குட்டிகளின் கூண்டு. அடுத்து வளர்ந்த நாய்கள், பிறகு புதிதாக வந்தவை. கழிச்சல் கண்ட குட்டிகளின் அறை கடைசி. சோறு, மருந்து, கழுவல் மூன்றுக்கும் இதே வரிசைதான். கடைசி அறைக்கென்று செருப்பு, துடைப்பம், வாளி எல்லாம் தனி. அங்கே போய்வந்தவர் குளித்து உடை மாற்றாமல் குட்டிகள் பக்கம் திரும்பக் கூடாது.

இத்தனை கெடுபிடியும் பார்வோ என்ற வைரஸ் நோய்க்காக. முதல் நாள் குட்டி சோர்ந்து படுக்கும், பாலைக்கூட மோந்துவிட்டு விட்டுவிடும். அப்புறம் வாந்தி, ரத்தக் கழிச்சல். அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவருக்கு மறக்காது.

பினாயில் வாசனை வந்தால் இடம் சுத்தம் என்று நம்புகிறோம். பார்வோ வைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது, அதனால் பினாயிலை நம்பி அதை ஒழிக்க முடியாது. வேலை செய்வது பிளீச்சிங் பவுடர். 10 லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு மேலே தெளிந்த நீரை மட்டும் எடுக்க வேண்டும். அதற்கு முன்பே மலம், மூத்திரம், சோற்றுப் பருக்கை எல்லாம் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவியிருக்க வேண்டும். அழுக்கு இருந்தால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும், வைரஸுக்கு மிஞ்சாது. மூத்திரத்தின் மேல் நேராக ஊற்றினால் கண்ணும் தொண்டையும் எரிகிற புகை கிளம்பும். கழிவறை ஆசிட்டோடு சேர்ந்தால் அதைவிட மோசம்.

ஊற்றியபின் தரை 10 நிமிடம் ஈரமாகவே இருக்க வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். சேலத்துச் சித்திரை வெயிலில் சிமென்ட் தரை அதற்குள் காய்ந்துவிடும், மறுபடி ஊற்றத்தான் வேண்டும். பிறகு நல்ல தண்ணீர் விட்டு அலசி, காயவிட்டுக் குட்டியை விடலாம். கரைசலை அன்றன்று கலக்க வேண்டும். திறந்த பவுடர் மூட்டை வெக்கையில் வீரியம் இழக்கும், காரமான நெடி குறைந்துவிட்டால் அதை நம்பாதீர்கள். மண் தரையில் எந்தக் கரைசலும் பலிக்காது. ஏற்காடு மாதிரி நிழலும் ஈரமும் குளிரும் உள்ள இடத்தில் வைரஸ் மாதக்கணக்கில் கிடக்கும், ஆகவே சின்னக் குட்டிகளை மண்ணில் விடவே கூடாது.

புதுக் குட்டியைப் பார்க்க எவ்வளவு தெம்பாக இருந்தாலும் 14 நாள் தனியாக வைக்க வேண்டும். நோய் தொற்றி வெளியே தெரிய அவ்வளவு நாள்கூட ஆகலாம். மலத்தில் பார்வோவுக்கான கிட் பரிசோதனை செய்து நெகட்டிவ் வந்தாலும் ஆரம்ப நாட்களில் அதை முழுதாக நம்ப முடியாது. "ஒரு ஊசி போட்டாச்சே" என்பார்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி உடம்பில் இருக்கும்வரை தடுப்பூசி சரியாகப் பிடிக்காது. அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக, 16 வாரம் ஆகும்வரை போடுகிறார்கள்.

நாயைத் தூக்குகிற எல்லோருக்கும் வெறிநோய்த் தடுப்பூசி முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும். அப்படியும் கடி பட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு வைத்தியம் வேண்டாம்.

தத்து கேட்டு வருபவர்களின் முதல் கேள்வி, "ஆண் குட்டி இருக்குதுங்களா?" பொட்டைக் குட்டி என்றால் முகம் சுருங்கும். ஆறு மாதம் ஆனதும் கருத்தடை செய்துவிட்டால் அவர்கள் பயப்படுகிற பிரச்சினையே இல்லை என்று சொல்லி, அறுவைக்கு நாங்களே அழைத்துப் போகிறோம் என்றும் சேர்த்துச் சொன்னால் பாதிப் பேர் யோசிப்பார்கள். வீட்டைப் பார்க்காமல் கொடுக்கக் கூடாது. கேட்டுக்கு அடியில் எவ்வளவு சந்து இருக்கிறது, நாய் எங்கே தூங்கும் என்று பார்க்க வேண்டும். "மொட்டை மாடியில நிறைய இடம் இருக்குதுங்க" என்றால், நிழலே இல்லாத தளத்தில் சங்கிலியில் கிடக்கப் போகிறது என்று அர்த்தம்.

ஏற்காட்டு எஸ்டேட்டுக்குப் போகிற குட்டிக்குச் சாப்பாடு கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்தே வண்டி கிளம்ப வேண்டும், இல்லாவிட்டால் இருபது கொண்டை ஊசி வளைவுக்குள் எல்லாம் வெளியே வந்துவிடும். மலை மேலே, குட்டி படுக்கும் சாக்கை வெறும் தரையில் போட்டால் ஈரம் ஏறும். அடியில் பலகை வேண்டும். இரவில் கதவுள்ள இடத்தில் அடைப்பது நல்லது. காட்டெருமையைப் பார்த்துக் குரைத்துக்கொண்டு ஓடும் நாய், அது திருப்பித் துரத்தினால் நேராக எஜமானிடம்தான் ஓடிவரும்.

நாட்டு நாய்க்குக் கழுத்தும் தலையும் ஏறக்குறைய ஒரே அளவு. கழுத்துப் பட்டையில் இரண்டு விரலுக்கு மேல் நுழைந்தால், பின்னால் ஓர் இழுப்பு, பட்டை கையில், நாய் ரோட்டில். முதல் மாதம் மார்புப் பட்டையும் சேர்த்து இரண்டாகப் போட வேண்டும். புது வீட்டில் முதல் மூன்று நாள் கட்டிலுக்கு அடியில் கிடக்கும், சரியாகத் தின்னாது. உடனே குளிப்பாட்ட வேண்டாம், சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டவும் வேண்டாம்.

ஆடியில் சேலத்துக் கோட்டை மாரியம்மன் பண்டிகை, குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை என்கிற அலங்கார வண்டி ஊர்வலம் என்று ஊரே மேளமும் வெடியுமாக இருக்கும். அந்த வாரங்களிலும் தீபாவளியை ஒட்டியும் தத்து கொடுப்பதில்லை. புது வீடு பழகாத நாய் வெடிச் சத்தத்தில் ஓடினால் திரும்பிவர வழி தெரியாது. பண்டிகை முடிந்து வந்து கேளுங்கள், பொட்டைக் குட்டி என்றால் அதே கூண்டில்தான் இருக்கும்.