தாத்தாவும் காக்காவும்

03.06.2024, திங்கள்

பேரனைக் கூட்டிக்கொண்டு பெரியாஸ்பத்திரி போய் வந்தேன். மகளுக்கு மில் வேலை. வாரம் மூன்று நாள் லீவு யார் கொடுப்பார்கள்? நானோ தையல் கடையை மூடிவிட்டு உட்கார்ந்திருக்கும் ஆள். இனி இது என் ட்யூட்டி.

டி.இ.ஐ.சி. என்று போர்டு. பிள்ளைகளின் வளர்ச்சிக் குறையைச் சீக்கிரமே கண்டு பயிற்சி கொடுக்கும் மாவட்ட மையம். 2013-இல் மத்திய அரசு தொடங்கிய சிறார் நலத் திட்டத்தில் வந்த மையம். பிசியோ, ஓ.டி. (அன்றாடக் கைவேலைகளைப் பழக்குவது), ஸ்பீச் (பேச்சுப் பயிற்சி) மூன்றும் ஒரே வராந்தாவில். காசு கிடையாது. இப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. ஒன்றரை வயதில் காட்டியபோது, "ஆம்பிளைப் பிள்ளை, மெதுவாத்தான் நடப்பான்" என்று ஒரு டாக்டர் அனுப்பிவைத்தார். நாங்களும் நம்பினோம். இப்போது நாலு வயது. நினைத்தால் வயிறு எரிகிறது.

05.06.2024, புதன்

பிசியோ மேடம் புரியும்படி சொன்னார். முப்பது வாரத்தில் பிறந்த பிள்ளை. காலுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பிழைகள் மூளையின் நீர் அறைகளை ஒட்டி ஓடுமாம். குறைமாதத்தில் அடிபடுவது பெரும்பாலும் அந்த இடம்தான். அதனால் கையைவிடக் காலில் இறுக்கம் அதிகம். எலும்பு வளரும் வேகத்துக்கு முறுக்கிய தசை வளராது. எனக்கு உடனே பிடிபட்டது: பையன் வளர்ந்துவிட்டான், பேண்ட் போன தீபாவளிக்குத் தைத்தது. குதிகால் தரையில் பதியாமல் நுனிக்காலில் நிற்பது அதனால்தான்.

நீவி நீட்டும்போது முன்பாதத்தைப் பிடித்துத் தள்ளக் கூடாது. குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, பாதத்தை நம் முன்கையில் சாய்த்து, மெதுவாக. முப்பது எண்ண வேண்டும். நான் வேகமாக எண்ணி மாட்டிக்கொண்டேன்.

12.06.2024, புதன்

ஸ்பீச் அறை. முதலில் காது பரிசோதனை, பழுதில்லை. இவனுக்குக் 'க' வராது, எல்லாம் 'த'. கை என்றால் தை, கதவு என்றால் ததவு. காக்காவும் தாத்தா, நானும் தாத்தா. நாக்கின் பின்பக்கம் எழும்ப வேண்டிய இடத்தில் நுனி எழும்புகிறதாம். தலையை லேசாக அண்ணாந்து தண்ணீரைத் தொண்டையில் கொப்பளிக்கச் சொன்னார்கள், அந்த இடம் அவனுக்கே தெரிவதற்காக. சட்டை முழுக்க ஈரம், என் சட்டையும் சேர்த்து.

ஆத்துக்காரி ஒரு யோசனை சொன்னாள்: அமாவாசைக்குச் சோறு வைக்கும்போது காக்காவைத் தாத்தா என்பதுதானே முறை, ஏன் மாற்றுகிறீர்கள்?

21.06.2024, வெள்ளி

இன்று என் ராஜ்ஜியம். ஓ.டி. மேடம் பட்டன் போடப் பழக்கச் சொன்னார். மரப்பலகையில் சின்னதாக ஒன்று வைத்திருந்தார்கள், எனக்குத் திருப்தியில்லை. வீட்டுக்கு வந்து பழைய ஜீன்ஸ் துணியில் நாலு காஜா எடுத்து, கோட்டு பட்டன் தைத்தேன். காஜாவை அளவுக்கு மேல் கொஞ்சம் நீளமாகவே வெட்டினேன். கடையில் செய்திருந்தால் கஸ்டமர் திட்டியிருப்பார்.

அதில் ஒரு சூட்சுமம். பட்டனைப் பாதி வரை நாமே நுழைத்துவிட்டு, கடைசி இழுப்பை மட்டும் பிள்ளைக்கு விட வேண்டும். முடித்தது அவனாகிறது. அப்புறம் ஒவ்வொரு படியாக நம் பங்கைக் குறைத்துக்கொண்டே வரலாம். நான் காஜா பையன்களுக்குத் தலைகீழாகத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

05.07.2024, வெள்ளி

பஸ்ஸில் தகராறு. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் டிக்கெட் கிடையாது, 2021-லிருந்து. கார்டை நீட்டினேன். கண்டக்டர், "பையன் நல்லாத்தானே உட்கார்ந்திருக்கான்" என்றார். நல்லா உட்கார வைக்கத்தானய்யா கூட்டிப் போகிறேன்.

24.07.2024, புதன்

கணுக்காலுக்குப் பிளாஸ்டிக் பிரேஸ் வந்தது. உள்ளே நீளமான காட்டன் சாக்ஸ் போட வேண்டும். கழற்றியதும் தோலில் சிவப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அரைமணியில் மறையாவிட்டால் எங்கோ அழுத்துகிறது என்று அர்த்தம். சுண்டுவிரல் பக்கம் மறையவில்லை. வெள்ளிக்கிழமை திருத்தித் தருகிறார்களாம்.

ஸ்பீச்சில் தனியாக 'க்' வந்துவிட்டது. சொல்லில் வரவில்லை.

04.08.2024, ஞாயிறு

ஆடி அமாவாசை. மதில்மேல் இலையில் சோறு வைத்தோம். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான், பிரேஸோடு, குதிகால் பதிய. வழக்கம்போல் காக்கா பிகு பண்ணியது. "க்கா... க்காக்கா!" என்று ஒரு கத்து. மகள் கையில் இருந்த கரண்டியைக் கீழே போட்டாள்.

காக்கா வந்தது. இவன் என் வேட்டியை இழுத்து, "காக்கா, பாரு" என்றான். நான் காக்காவைப் பார்த்தேன். "இல்ல... நீ காக்கா" என்றான்.

05.08.2024, திங்கள்

ஸ்பீச் மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். புதிதாக வந்த ஒலியைப் பிள்ளைகள் எல்லா இடத்திலும் போட்டுப் பார்ப்பது வழக்கமாம். இரண்டையும் படமாக வைத்து மாற்றி மாற்றிக் கேட்கச் சொல்லியிருக்கிறார். காக்கா படம் அங்கேயே இருந்தது. தாத்தா படத்துக்கு என்னைப் போட்டோ கொண்டுவரச் சொன்னார்.