டவர் பாறை

ஜவ்வாது மலையில் ஒரு ரேஷன் கடையில் சில வருடங்கள் விற்பனையாளராக இருந்தேன். 2020 அக்டோபரில் கைரேகை வைத்தால்தான் பொருள் என்றானது. ரேகை வாங்கி பில் போடுகிற மிஷினுக்கு சிக்னல் வேண்டும்; ஊரில் எங்கும் கிடையாது. கடைக்குப் பின்னால் மேட்டில் ஒரு பாறை. அதன்மேல் நின்றால் இரண்டு கோடு காட்டும். டவர் பாறை என்றே பெயராகிவிட்டது. மிஷினைத் தூக்கிக்கொண்டு நான் முன்னால் போக, அட்டைக்காரர்கள் பின்னால் வருவார்கள். மேலே பில், கீழே எடை.

சிக்னல் வந்தாலும் ரேகை வர வேண்டுமே. சாமை அறுத்து, புளி உடைத்துத் தேய்ந்த விரல்கள். ஒரு பெரியம்மா பத்து விரலையும் மாற்றி மாற்றி வைப்பார். "தலையில தேய்ச்சுட்டு வைங்க பெரியம்மா" என்பேன். அதற்கும் மசியாது. ரேகைக்குப் பதிலாகப் போனுக்கு வரும் எண்ணைச் சொல்லலாம் என்றால், அந்தப் போன் திருப்பூரில் மகனிடம். அவன் ஷிப்டில் இருப்பான். "நேத்தே வேலைய விட்டுட்டு வந்தேன் சாமி, இன்னைக்கும் இல்லன்னா எப்படி?" என்பார்.

ஒருவழியாக பில் வரும். அரிசி 20 கிலோ, தொகை பூஜ்யம். 2011 முதல் அரிசிக்குக் காசில்லை. ஆனால் அவர் வீட்டுக்கு இரண்டு மணி நேர நடை, நடுவில் ஓடை. அறுபதைத் தாண்டியவர் 20 கிலோவை ஒரே நடையில் சுமக்க முடியுமா? பைக்காரனுக்கு வாடகை கொடுத்தால், வெளிக்கடையில் காசு கொடுத்து அரிசி வாங்கின கணக்குத்தான். பாதியைக் கட்டி என்னிடமே வைத்துவிட்டு இன்னொரு நாள் வருவார். அவரைப் போல இன்னும் சிலர். சாக்குகளில் கரியால் அடையாளம் போடுவேன்: ஒன்றுக்கு வட்டம், ஒன்றுக்கு இரட்டைக் கோடு.

பில் போட்டதுமே மிஷினில் இருப்பு குறைந்துவிடும் என்பதை நான் யோசிக்கவில்லை. ஒருநாள் ஆய்வுக்கு வந்த அதிகாரி மூட்டைகளை எடை போட்டார். கணக்கைவிட 70 கிலோ கூடுதல். குறைந்தால் திருட்டு, கூடினால் பதுக்கல். கரி அடையாளத்தைக் காட்டி விளக்கினேன். வட்டத்துக்கு உரியவர் யார் என்று கேட்டார்; ஓடைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினேன். அவர் தன் செருப்பைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து அபராதம் எழுதினார். அவர் மேல் எனக்குப் பெரிய கோபமில்லை. அவர் கையில் இருந்த படிவத்தில் ஓடைக்கு இடமில்லை.

அபராதத்தைக் கட்டினேன். அடுத்த மாதம் முதல் மீதி மூட்டைகளை எதிர்வீட்டுத் திண்ணையில் வைத்தேன். அந்த வீட்டு ஆடு மட்டும் அவ்வப்போது சாக்கை முகர்ந்து பார்க்கும்.