பலிபே

மூணு மாசத்துக்கு ஒருக்கா ஊர் சபைக்கு அனுப்புற ஜெபக் கடிதத்துல அந்த வாரத்தப் பத்தி நான் எழுதினது ஒரே வரிதான், "மலேரியாவால் மரித்த ஒரு குழந்தையின் குடும்பத்துக்காக ஜெபியுங்கள்"னு. அதுல பொய் ஒண்ணும் இல்ல. ஆனா அத அனுப்பின நாள்ல இருந்து எனக்கு மனசு சரியில்ல, அதான் மிச்சத்த இங்க எழுதுறேன்.

2025 ஜனவரி. ஆப்பிரிக்காவுல, தெற்கு மலாவி. டாலர் தட்டுப்பாட்டுல டீசல் இறக்குமதி ஆகாம, பம்ப்ல லிட்டர் இந்த நாட்டுக் காசுல 2,734 குவாச்சான்னு போர்டு மட்டும் இருக்கும், சரக்கு இருக்காது. மழைக்காலம் வேற, மலேரியா உச்சத்துல இருக்குற மாசம், போன வருஷத்து மக்காச்சோளம் தீர்ந்து புது சோளம் ஏப்ரலுக்கு முன்னால கைக்கு வராது. இங்க ஒரு மிஷன் ஆஸ்பத்திரில வீட்டுக்காரர் வார்டுல, நான் ஆபீஸ்ல. ஸ்டோர்ல மூணு கேன்ல மொத்தம் 60 லிட்டர் டீசல் வச்சிருந்தோம். கரண்ட் போனா ஆக்ஸிஜன் மெஷின் ஓடணும், பிரசவத்துல சிக்கலானா ஆம்புலன்ஸ் போகணும், ரெண்டுக்கும் அதுதான்.

அந்தப் பிள்ளைக்கு ரெண்டு வயசு. ஹீமோகுளோபின் 3, ரத்தம் ரொம்ப ரொம்பக் குறைவு. ரத்தம் கிடைச்சு ஏத்தியும் விடியக்காலம் நாலு மணிக்குப் போயிட்டா. ஆறரை மணிக்கு பாட்டி என் ஆபீஸ் வாசல்ல முட்டி போட்டு உக்காந்தாங்க, இங்க பெரியவங்கள்ட்ட ஏதாவது கேக்கணும்னா அப்படித்தான் உக்காருவாங்க, அவங்களுக்கு என் அம்மா வயசு இருக்கும், அதப் பாக்கவே எனக்கு ஒரு மாதிரி ஆகும். ஊர் 38 கிலோமீட்டர். வண்டி கிடைக்குமான்னு கேட்டாங்க.

நான் சொன்னது: "பெபானி அகோகோ, மஃபூதா பலிபே." மன்னிச்சுக்கோங்க பாட்டி, எண்ணெய் இல்ல. எண்ணெய்ன்னா இங்க டீசல்.

அவங்க ரெண்டு கையையும் லேசா தட்டி "ஸிகோமோ" சொல்லிட்டு எழுந்து போனாங்க. நன்றி. அவ்வளவுதான் நடந்தது, ரெண்டு நிமிஷம்கூட இருக்காது.

பலிபே. இல்ல. எண்ணெய் இருந்தது. ஸ்டோர்கீப்பர் பக்கத்துலயே நின்னார், முந்தின நாள் சாயங்காலம்தான் ரெண்டு பேரும் அளந்து கையெழுத்து போட்டிருந்தோம். அவர் ஒண்ணும் பேசல, லெட்ஜரப் பாத்துட்டே இருந்தார்.

ஆம்புலன்ஸ் உயிரோட இருக்கவங்களுக்கு மட்டும்ங்குறது நாங்க வர்றதுக்கு முன்னாலயே இருந்த சட்டம். காரணம் எனக்குத் தெரியும், ஒருத்தருக்கு கொடுத்தா அடுத்த நாள் நாலு பேர் நிப்பாங்க, யாருக்கு கொடுக்குறது யாருக்கு மறுக்குறது. நான் அந்த சட்டத்தச் சொல்லியிருக்கலாம். "டீசல் இருக்கு பாட்டி, ஆனா பிரசவத்துக்காக வச்சிருக்கோம், தர முடியாது"ன்னு சொல்ற அளவுக்கு எனக்கு இவங்க பாஷை சிச்செவா வரும். ஏன் சொல்லலன்னு இப்பவும் யோசிக்கிறேன். சொல்லியிருந்தா அவங்க ஏதாவது திருப்பிக் கேட்டிருப்பாங்க, நான் பதில் சொல்லிட்டு அவங்க முகத்தப் பாக்கணும். பலிபேன்னு சொன்னா பேச்சு முடிஞ்சுது. நம்ம ஊர்லயும் கைல பத்து ரூபா வச்சுட்டே "சில்லற இல்லம்மா"ங்குறோம். தமிழ்லயும் "தர மாட்டேன்"ங்குற இடத்துல "இல்ல"தான் நமக்கு சட்டுனு வருது.

அப்புறம் ஜன்னல் வழியா பாத்தேன். அந்தத் தாய் பிள்ளைய முதுகுல வச்சு சிதென்ஜே துணியால கட்டிக்கிட்டு, தலையையும் மூடி, கேட்டுக்கு நடந்தா. வழக்கமா பிள்ளையக் கட்டிட்டுப் போற மாதிரியேதான். நடக்கும்போது கை பின்னால போய் தட்டிக் கொடுத்தது, பழக்கத்துல போயிருக்கும். நர்ஸ் ஒருத்தங்க எனக்கு விளக்கினாங்க, மினிபஸ்ல பிணம்னு தெரிஞ்சா ஏத்த மாட்டாங்க, இல்ல கூட காசு கேப்பாங்க, அதனால தூங்குற பிள்ளை மாதிரி கொண்டு போவாங்கன்னு. எத்தன வருஷமா இங்க இருக்கேன், இது எனக்குத் தெரியாம இருந்திருக்கு. மினிபஸ்ஸுக்கும் டீசல் இல்லாத நேரம். பதினொரு மணிக்கு நான் கேட்டுக்குப் போனப்ப அந்தத் தாயும் பாட்டியும் இன்னும் ஸ்டாப்லதான் நின்னாங்க. போய் பேசல நான். திரும்பி வந்துட்டேன்.

கணக்கு போட்டுப் பாத்திருக்கேன், ஒரு தடவ இல்ல, பல தடவ. போய்வர 76 கிலோமீட்டர், அந்த சேத்து ரோட்டுல லேண்ட் குரூஸருக்கு 12 லிட்டர், சரி 15 வச்சுக்கலாம். அன்னைக்கு ராத்திரியே பிள்ளை குறுக்க மாட்டிக்கிட்ட ஒரு அம்மாவ ஹெல்த் சென்டர்ல இருந்து கூட்டிட்டு வர ஆம்புலன்ஸ் போச்சு, ஆப்பரேஷன் தியேட்டருக்கு ஜெனரேட்டர் ஓடிச்சு, தாயும் பிள்ளையும் பிழைச்சாங்க. அப்ப நான் செஞ்சது சரிதானேன்னு தோணும். ஆனா அதுக்கெல்லாம் செலவானது 30 லிட்டருக்குள்ளதான், மூணாவது நாள் டேங்கர் வந்துடுச்சு. டேங்கர் வரும்னு அன்னைக்கு எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. இப்படியே சுத்திச் சுத்தி வரும்.

இத சொல்லாம விட முடியல. 2023 ஆகஸ்ட்ல எங்க அப்பா நாகர்கோவில்ல இறந்தப்ப நான் போக முடியல. லிலாங்வேல இருந்து அடிஸ் அபாபா, மும்பை, திருவனந்தபுரம்னு போய்ச் சேர்றதுக்குள்ள அடக்கம் முடிஞ்சிருக்கும், பையனுக்கு வேற காய்ச்சல். வாட்ஸப் வீடியோலதான் பாத்தேன், அதுவும் நடுவுல கட் ஆயிடுச்சு. அன்னைக்கு காலைல இருந்து எங்க வீட்டு ஹால்ல ஆஸ்பத்திரி பெண்கள், சர்ச்சுல ம்வானோ சங்கத்துப் பெண்கள், கிளீனிங் பண்ற அமாய் (அம்மா) எல்லாரும் வந்து பாய விரிச்சு கால நீட்டி தரையில உக்காந்துட்டாங்க. யாரும் ஆறுதல் வார்த்தை பேசல, பாடினாங்க, அமைதியா இருந்தாங்க, மறுபடி பாடினாங்க. சோளமாவு கொண்டு வந்தாங்க, விறகு கொண்டு வந்தாங்க, நண்டோலோ வேக வச்சு சிமாவோட, அதாவது சோளமாவுக் களியோட, கொடுத்தாங்க (நண்டோலோன்னா நம்ம துவரைதான், ஊர்ல நாம சாம்பார் வைக்கிற பருப்புல கொஞ்சம் இங்க விளைஞ்சு போறது). ஒரு தட்டுல 200, 500 குவாச்சா நோட்டா போட்டு என் கைல கொடுத்தாங்க. மலிரோ, சாவு வீடுன்னா வந்தே ஆகணும் இவங்களுக்கு. அவங்க பாக்காத, எங்கயோ கடல் தாண்டி இருக்குற ஒருத்தருக்கு ரெண்டு நாள் உக்காந்தாங்க.

மிஷனரின்னு எங்கள அனுப்பியிருக்காங்க. இந்த நாட்டுல பெரும்பாலானவங்க கிறிஸ்தவங்க. துக்க வீட்டுல எப்படி இருக்கணும்னு எனக்குக் கத்துக் கொடுத்தது இவங்க.

ஒரு மாசம் கழிச்சு ஸ்டோர்கீப்பர்ட்ட கேட்டேன், பம்போ (ஐயா), அன்னைக்கு நான் பொய் சொன்னேன்ல. அவர் கொஞ்ச நேரம் யோசிச்சு, இல்ல மேடம், நீங்க மரியாதையா சொன்னீங்க, இருக்கு ஆனா தர மாட்டேன்னு சொல்லியிருந்தா அந்தப் பாட்டிக்கு அவமானமா இருந்திருக்கும்னார். அவங்களுக்கு எண்ணெய் இருக்குறது தெரியும், முந்தின நாள் ஆம்புலன்ஸ் போனத அவங்களும் பாத்தாங்கன்னார். அதக் கேட்டதும் நிம்மதி ஆகும்னு நெனச்சேன், ஆகல. தெரிஞ்சுதான் ஸிகோமோ சொன்னாங்கன்னா அது எனக்காக சொன்னதா ஆகுது, என் முகத்தக் காப்பாத்த. பிள்ளைய இழந்த வீட்டுப் பெரியவங்க என் சங்கடத்தப் பாத்து அத முடிச்சு வச்சுட்டுப் போயிருக்காங்க. இல்ல ஸ்டோர்கீப்பர் என்னத் தேத்த அப்படிச் சொன்னாரோ என்னவோ, அவரும் இந்த ஊர் ஆள்தானே.

வீட்டுக்காரர் சொல்றார், நீ பொய்ய நெனச்சு அழுற, எனக்கு அந்தப் பிள்ளைக்கு ரத்தம் ரெண்டு மணி நேரம் முந்திக் கிடைச்சிருந்தான்னுதான் தோணுதுன்னு. அதுவும் உண்மைதான்.

போன வாரம் சோளம் அரைக்கிற மில்காரர் வந்தார், மிஷின் நின்னு போச்சு, 10 லிட்டர் டீசல் கடனா கிடைக்குமான்னு. வாய்ல முதல்ல பலிபேதான் வந்துச்சு. உடனே திருத்தி, இருக்கு, ஆனா தர முடியாது, ஆஸ்பத்திரிக்கு வேணும்னு சொன்னேன். அவர் என்னையே பாத்துட்டு நின்னார். அப்புறம் ஒண்ணும் சொல்லாம கேன எடுத்துட்டுப் போயிட்டார். ஸ்டோர்கீப்பர் தலைய நிமிர்த்தவே இல்ல.